‘ஆன் த கார்னர்’: எட்டாவது நிமிடத்தில் எழுந்தவரும் எழாதவரும்

இசைத்தட்டு ஓடத் தொடங்கி எட்டு நிமிடம் இருக்கும். எங்களில் ஒருவர் எழுந்து நின்றார். “இது எப்போ ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அதுவரை காத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் டிரம்ஸ் வாசிப்பவர். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது முதல் நொடியிலேயே ஆரம்பித்துவிட்டது.

நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘ஆன் த கார்னர்’. 1972 அக்டோபர் 11 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஆல்பம். ஜாஸ் என்று எடுத்தால் ஃபங்க் (அழுத்தமான தாளத்தை மையமாகக் கொண்ட கறுப்பின ஆட்ட இசை) மாதிரி இருக்கும், ஃபங்க் என்று எடுத்தால் வேறு எதுவோ மாதிரி இருக்கும். வெளியான நாளிலிருந்து இன்றுவரை இதைக் கேட்டவர்கள் ஒரு கருத்துக்கு வந்ததே இல்லை. ஒரு அறையில் நாலு பேர் சேர்ந்து கேட்ட நாங்களும் வரவில்லை. ‘அவரவர் ரசனை’ என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம்தான். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரே ஒலி ஒருவரை எழுப்பி வெளியே அனுப்புகிறது, இன்னொருவரைக் கட்டிப்போடுகிறது என்றால் அதற்குக் காரணம் அந்த ஒலிக்குள்ளும் இருக்க வேண்டும். அதைத் தேடித்தான் இந்த ஆல்பம் உருவான விதம், அன்றைய எதிர்வினை, எங்கள் எதிர்வினை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

ஆல்பம் பிறந்த சூழல்

1972-ல் மைல்ஸுக்கு 46 வயது. 1959-ல் வந்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ அவரை ஜாஸ் ரசிகர்களின் மனதில் அசைக்க முடியாத இடத்தில் உட்கார வைத்திருந்தது. 1970-ல் வந்த ‘பிட்சஸ் புரூ’ மின் இசைக்கருவிகளோடு ராக் ரசிகர்களையும் அவர் பக்கம் கொண்டுவந்தது. ஆனால் அவர் மனதில் வேறு ஒரு குறை இருந்தது. தன் கச்சேரிக்கு வருகிறவர்களில் கறுப்பின இளைஞர்கள் மிகக் குறைவு. அவர்கள் ஜேம்ஸ் பிரௌன், ஸ்லை ஸ்டோன் போன்ற ஃபங்க் பாடகர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடமாடும் தெருமுனைக்கே போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தார். ‘தெருமுனையில்’ என்று பொருள்படும் ஆல்பத்தின் பெயரும், கார்க்கி மெக்காய் வரைந்த கார்ட்டூன் அட்டையில் தெருவில் நிற்கிற மனிதர்களும் அந்த விருப்பத்தைத்தான் சொல்கின்றன.

அதே சமயம், இங்கிலாந்திலிருந்து பால் பக்மாஸ்டர் என்ற செல்லோ கலைஞர் வந்து மைல்ஸ் வீட்டில் தங்கியிருந்தார். அவர் மூலம் ஸ்டாக்ஹவுசனின் இசை மைல்ஸின் காதில் விழுந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்டாக்ஹவுசன் மின்னணு ஒலிகளை வைத்துச் சோதனை செய்தவர். முதல், முடிவு, உச்சம் என்ற வழக்கமான பாதையில் போகாத இசை அவருடையது. ஆக, இந்த ஆல்பத்துக்குள் இரண்டு ஆசைகள் ஒன்றாகப் போயின. தெருவில் ஆடுகிறவனின் கால் அசைய வேண்டும். ஆரம்பமும் முடிவும் இல்லாத ஒலி வேண்டும். இந்த இரண்டும் எளிதில் ஒத்துப்போகிறவை அல்ல. பின்னால் வந்த தகராறுகளில் பாதி இந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒலிப்பதிவுக் கூடத்தில்

நியூயார்க்கில் 1972 ஜூன் 1, ஜூன் 6, ஜூலை 7 ஆகிய நாட்களில் பதிவு நடந்தது. வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கீபோர்டில் ஹெர்பி ஹான்காக், சிக் கொரியா. கிடாரில் ஜான் மெக்லாஃப்லின். டிரம்ஸில் ஜாக் டிஜானெட், பில்லி ஹார்ட். பேஸ் கிடாரில் மைக்கேல் ஹெண்டர்சன். இவர் ஜாஸ் வழியாக வந்தவர் அல்ல. பாடகர் ஸ்டீவி வொண்டரோடு வாசித்துவிட்டு மைல்ஸிடம் வந்த இருபது வயது இளைஞர். சிதாரில் கொலின் வால்காட். தபலாவில் பாதல் ராய்.

பாதல் ராய் இன்றைய வங்கதேசப் பகுதியில் பிறந்தவர், படிப்பதற்காக நியூயார்க் போனவர், அங்கே உணவகத்தில் தபலா வாசித்துக்கொண்டிருந்தவர். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் மைல்ஸ் அவரைப் பார்த்து ‘நீ ஆரம்பி’ என்று மட்டும் சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஸ்வரக் குறிப்பு இல்லை, ராகம் இல்லை, எத்தனை அட்சரம் என்ற பேச்சு இல்லை. அவர் ஒரு நடையைப் பிடித்தார். ஹான்காக் தலையாட்டிக்கொண்டே சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் அதன் மேல் ஏறிக்கொண்டார்கள்.

இன்னொரு சம்பவம் எனக்கு இதைவிடவும் முக்கியம். சாக்ஸபோன் கலைஞர் டேவ் லீப்மன் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்த இடத்திலிருந்து அவசரமாக அழைக்கப்பட்டு வந்தார். உள்ளே நுழைந்தபோது வாசிப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஹெட்போன் கிடைக்கவில்லை. மின் கருவிகளின் ஒலி நேராகப் பதிவு மேசைக்குப் போய்க்கொண்டிருந்ததால், கூடத்தில் நின்ற அவர் காதில் விழுந்தது பெரும்பாலும் தாள வாத்தியங்களின் சத்தம்தான். கீபோர்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் வாசித்தார். அந்த வாசிப்புதான் ஆல்பத்தின் முதல் பாடலில் இருக்கிறது.

அந்த அறையில் இருந்த எல்லோருமே ஆல்பத்தை முழுதாகக் கேட்டவர்கள் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. பதிவான நாடாக்களைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ வெட்டி ஒட்டி, மேலே ஒலிகளைச் சேர்த்த பிறகுதான் நாம் கேட்கிற ஆல்பம் உருவானது. ‘இன் எ சைலன்ட் வே’ ஆல்பத்திலும் ‘பிட்சஸ் புரூ’விலும் அவர் இதைச் செய்திருந்தார். ஆனால் அங்கே வெட்டு தெரியாமல் வடிவம் கொடுத்தார். இங்கே முதல் பாடலே ஓடிக்கொண்டிருக்கும் வாசிப்பின் நடுவில் சட்டென்று தொடங்குகிறது, மூடியிருந்த கதவைத் திறந்த மாதிரி. கேட்பவருக்கு உள்ளே வர நேரமே கொடுக்கவில்லை.

1972-ல் கேட்டவர்கள் சொன்னது

ஜாஸ் உலகின் முதல் பதில் கடுமையாக இருந்தது. ‘டவுன்பீட்’ இதழ் ஐந்தில் இரண்டு நட்சத்திரம் கொடுத்தது. ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அதையே பிடுங்கி எடுத்தார்கள் என்ற தொனியில் பிரிட்டனிலிருந்து ஒரு மதிப்புரை வந்தது. சாக்ஸபோன் மேதை ஸ்டான் கெட்ஸ் இதில் வடிவமும் இல்லை, உள்ளடக்கமும் இல்லை என்று ஒதுக்கினார். மறுபக்கம், ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் ரால்ஃப் கிளீசன் மனமார வரவேற்று எழுதினார். எந்த இளைஞர்களுக்காக இதைச் செய்தாரோ அவர்களிடம் இது போய்ச் சேரவில்லை. நிறுவனம் இதைப் பழைய ஜாஸ் சரக்கு மாதிரி விற்றது, கறுப்பின இளைஞர்கள் கேட்கும் வானொலிகளுக்குக் கொண்டுபோகவில்லை என்று மைல்ஸ் தன் சுயசரிதையில் மனம் புழுங்கி எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது மட்டுமே காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

விமர்சகர்களைவிட எனக்கு ஆச்சரியம் தந்தவர் பக்மாஸ்டர். இந்த ஆல்பத்துக்கு விதை போட்டவர்களில் ஒருவர். மைல்ஸின் ஆல்பங்களில் தனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது இதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். உள்ளிருந்தவருக்கே இப்படி என்றால் வெளியிலிருந்து கேட்டவர்களை எப்படிக் குறை சொல்ல?

எங்கள் அறையில் நடந்தது

நாலு பேரும் முழு ஆல்பத்தையும் நிறுத்தாமல் கேட்பது என்று முடிவு செய்திருந்தோம். மொத்தம் ஐம்பத்துநாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

எட்டாவது நிமிடத்தில் எழுந்தவர் ‘கைண்ட் ஆஃப் புளூ’வை மனப்பாடமாகத் தெரிந்தவர். மைல்ஸின் டிரம்பெட் ஒரு ஸ்வரத்தை வாசித்துவிட்டு அடுத்ததுக்கு முன்னால் விடுகிற மௌனத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அவர் இந்த ஆல்பத்தில் டிரம்பெட்டைத் தேடிக்கொண்டே இருந்தார். அது வருகிறது. ஆனால் ஒலியின் தன்மையையே மாற்றிவிடும் வா-வா பெடல் என்ற மின் கருவி வழியாக, கிடாரா மனிதக் குரலா என்று தெரியாத மாதிரி, கூட்டத்துக்குள் ஒரு ஆளாக வந்து போகிறது. “அவரோட ஆல்பத்திலேயே அவரைக் காணோம்” என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

டிரம்ஸ் வாசிப்பவர் பேசவே இல்லை. முதல் பக்கம் முடிந்ததும், “ஹெண்டர்சன் கையைக் கொஞ்சம் கவனிங்க, இருபது நிமிஷம் விலகவே இல்லை” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாமவர் சிறு வயதில் சில ஆண்டுகள் மிருதங்கம் கற்றவர். அவருடைய சிக்கல்தான் எனக்கு மிகவும் உதவியது. தபலா கேட்டதும் உற்சாகமாகி விரலால் தாளம் போடத் தொடங்கினார். ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டார். மறுபடி தொடங்கினார், மறுபடி விட்டுவிட்டார். “சமம் எங்கே விழுதுன்னே தெரியலையே” என்றார். தாளச் சுற்று தொடங்கும் அடியைத்தான் சமம் என்கிறார். நான்கு அடிதான், எளிமையான கணக்குதான். ஆனால் டிரம்ஸின் அழுத்தம் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழுவதில்லை. நடுவிலிருந்து தொடங்கியதால் முதல் அடி எது என்ற அடையாளமும் கிடைப்பதில்லை. ஜேம்ஸ் பிரௌனின் ஃபங்கில் முதல் அடி சுவரில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். மற்றதெல்லாம் அதில் தொங்கும். இங்கே அந்த ஆணியைக் கழற்றிவிட்டு, தொங்கியதை மட்டும் காற்றில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மைல்ஸ் நினைத்த இளைஞர்களிடம் இது ஏன் போகவில்லை என்பதற்கு நிறுவனத்தின் விற்பனை முறையோடு இந்தக் காரணத்தையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆடுவதற்குக் கால் ஊன்ற ஒரு இடம் வேண்டும். அதை இந்த ஆல்பம் தாராளமாகக் கொடுக்கவில்லை.

நான்காவது ஆள் நான். முதல் தடவை கேட்டபோது எனக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை. ‘பிளாக் சாட்டின்’ பிடித்தது. ஐந்து நிமிடம்தான். தபலாவும் சிதாரும் திறந்து வைக்க, கைதட்டலும் மணிச்சத்தமும் சேர, விசிலடிப்பது போன்ற ஒரு மெட்டு மேலே வந்து உட்காரும். கடைசியில் மறுபடி தபலாவும் சிதாரும் வந்து மூடும். ஆல்பத்திலேயே கதவும் கூரையும் இருக்கிற ஒரே அறை அதுதான். கடைசிப் பாடல் ‘ஹெலன் பட் / மிஸ்டர் ஃப்ரீடம் எக்ஸ்’ 23 நிமிடம். அங்கே எனக்குக் கவனம் சிதறியது. பிறகுதான் தெரிந்தது, ‘பிளாக் சாட்டின்’, ‘ஒன் அண்ட் ஒன்’, இந்தக் கடைசிப் பாடல் மூன்றுமே ஒரே பேஸ், ஒரே தாள அடித்தளத்தின் மேல் எழுப்பப்பட்டவை. நாங்கள் நாலு பேரும் இதைக் கவனிக்கவில்லை. எங்களில் ஒருவர் ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று குறைப்பட்டிருந்தார். அது எவ்வளவு உண்மை என்று அவருக்கும் தெரியவில்லை.

ஏன் இப்படி

ஜாஸ் கேட்டுப் பழகிய காது ஒரு வரிசையை எதிர்பார்க்கிறது. முதலில் மெட்டு, பிறகு ஒவ்வொருவராகத் தனி வாசிப்பு, கடைசியில் மறுபடி மெட்டு. பேஸும் டிரம்ஸும் பின்னால் நின்று தாங்கும். காது முன்னால் இருக்கும் ஆளோடு போகும். யார் வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்வது அந்த ரசனையில் பாதி.

‘ஆன் த கார்னர்’ இந்த மூன்றையும் எடுத்துவிட்டது. சொல்லும்படியான மெட்டு இல்லை. தனி வாசிப்பு இருக்கிறது, ஆனால் அதற்காக மற்றவர்கள் வழிவிடுவதில்லை. ஒலிக் கலவையிலும் அது முன்னால் தூக்கி வைக்கப்படவில்லை. யார் வாசிக்கிறார் என்பதும் இல்லை. முதல் பதிப்பின் அட்டையில் இசைக்கலைஞர்களின் பெயரையே மைல்ஸ் போடவில்லை. எந்தக் கருவி எது என்று விமர்சகர்கள் திணறட்டும் என்று வேண்டுமென்றே செய்ததுதான். இன்று நாம் பட்டியலைப் பார்த்து வியக்கிறோம். அன்று கடையில் வாங்கியவருக்கு அந்தப் பிடிமானமும் கிடைக்கவில்லை.

முன்னால் இருப்பதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? முன்னால் மட்டும் காது வைத்திருந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. வடிவம் இல்லை, உள்ளடக்கம் இல்லை என்று கெட்ஸ் சொன்னபோது தன் காதில் விழுந்ததை நேர்மையாகத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் பின்னால் காது வைத்தவருக்கு அங்கே ஒரு ஊரே இருக்கிறது. இரண்டு, மூன்று தாள வாத்தியங்கள் ஒன்றை ஒன்று இடைவெட்டுகின்றன. கிடார் ஸ்வரம் வாசிப்பதை விட்டுவிட்டுத் தாளம் போடுகிறது. சிதாரின் ரீங்காரம் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஒலி வந்து நாலு நொடியில் மறைந்துவிடும். திரும்பி வருமா என்று தெரியாது. எங்கள் டிரம்ஸ்காரர் அந்த ஊருக்குள் முதல் நொடியிலேயே போய்விட்டார், ஏனென்றால் அவர் காது பழக்கத்தால் எப்போதும் அங்கேதான் இருக்கும்.

இங்கே ஒரு ஒப்பீடு அவசியம். இதே ஆல்பத்தில் வாசித்த ஹெர்பி ஹான்காக் அடுத்த ஆண்டு, 1973-ல், ‘ஹெட் ஹன்டர்ஸ்’ வெளியிட்டார். அதுவும் ஜாஸ்-ஃபங்க்தான். அதிலும் பேஸ் வரி திரும்பத் திரும்ப வருகிறது. அது லட்சக்கணக்கில் விற்றது. மைல்ஸ் தேடிய இளைஞர்களிடமும் போனது. ‘கமீலியன்’ பாட்டின் பேஸ் வரியை ஒருமுறை கேட்டால் வாயில் முணுமுணுக்கலாம். முதல் அடி எங்கே என்று குழந்தைக்கும் தெரியும். அப்புறம் மெட்டு வருகிறது, பகுதி மாறுகிறது, தனி வாசிப்பு வருகிறது. ஹான்காக் கேட்பவரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மைல்ஸ் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் போய்விட்டார். எது உயர்ந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் கிடைத்த வரவேற்பு ஏன் வேறுபட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

காலம் செய்தது

மைல்ஸ் 1975-ல் உடல்நலம் கெட்டு இசையிலிருந்து ஒதுங்கினார்; 1981-ல்தான் திரும்பினார். அந்த இடைவெளியில் கேட்பவர்களின் காது மாறத் தொடங்கியது. ஹிப்-ஹாப் வந்தது. ஒரு தாளத் துண்டை வெட்டி எடுத்து மீண்டும் மீண்டும் ஓடவிடுவது இசைக்கான வழிகளில் ஒன்றானது. மின்னணு நடன இசை வந்தது. மெட்டும் தனி வாசிப்பும் இல்லாமல் பேஸும் தாளமும் மட்டும் வைத்துப் பத்து நிமிடம் கேட்கப் பழகிய ஒரு தலைமுறை உருவானது. அவர்களுக்கு மசேரோவின் வெட்டும் ஒட்டும் புரியாத விஷயமாகவே இல்லை. கடுமையாகத் திட்டியவர்களில் ஒருவரான ராக் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் சில ஆண்டுகள் கழித்துத் தன் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதினார். 1998-ல் இசைத் தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் மைல்ஸின் அந்தக் காலத்து நாடாக்களைப் புதிதாகக் கலந்து ‘பாந்தலாஸா’ என்று வெளியிட்டார். 2007-ல் முழு ஒலிப்பதிவுகளும் 6 குறுந்தட்டுகளாக வந்தன. வெட்டுவதற்கு முந்தைய வடிவத்தை அதில் கேட்கலாம். கேட்டால், மசேரோ சேர்த்தது எவ்வளவு, கூடத்தில் தானாக நடந்தது எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும்.

இதனால் அன்று வெறுத்தவர்கள் தவறு என்று ஆகிவிடாது. ‘காலத்துக்கு முந்திய ஆல்பம்’ என்று ஒரு சொல்லில் முடிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அப்படிச் சொன்னால் கடைசிப் பாடலின் 23 நிமிடத்தில் பத்து நிமிடம் தேவையில்லை என்று சொல்ல முடியாமல் போய்விடும். எனக்கு இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. அங்கே தாளம் பிசகவில்லை, ஆனால் மேலே வருகிறவர்களிடம் சொல்ல விஷயம் தீர்ந்துபோகிறது. முதல் பாடலின் இருபது நிமிடத்தில் ஒரு நொடிகூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

இரண்டாவது தடவை

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூடினோம். இந்தத் தடவை ஒரு மாற்றம் செய்தோம். முதல் பாடலை மூன்று முறை போட்டோம். முதல் முறை ஹெண்டர்சனின் பேஸை மட்டும் பின்தொடர்வது. இரண்டாவது முறை தபலாவை மட்டும். மூன்றாவது முறை எதையும் பிடிக்காமல் சும்மா இருப்பது. ஒலியைக் கொஞ்சம் கூட்டி, பேஸ் நன்றாகக் கேட்கும்படி வைத்தோம். சின்ன ஸ்பீக்கரில் இந்த ஆல்பத்தின் அடித்தளமே காணாமல் போய்விடும். முதல் தடவை நாங்கள் செய்த தவறுகளில் அதுவும் ஒன்று.

மிருதங்கம் கற்றவர் மூன்றாவது முறையில் எண்ணுவதை நிறுத்தினார். சமம் எங்கே என்ற கேள்வி தன்னை விட்டுப் போய்விட்டது என்றார். தபலா தாளக் கணக்குக்காக வாசிக்கப்படவில்லை, அது ஒரு நிறம் மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னது எனக்குச் சரியென்று பட்டது. தபலாவை இப்படிப் பயன்படுத்தியதில் அவருக்கு ஒரு மனக்குறையும் உண்டு. பாதல் ராய்க்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

டிரம்பெட்டைத் தேடியவர் இந்தத் தடவை எழுந்து போகவில்லை. முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, “இதிலே நிறைய இருக்குன்னு இப்போ தெரியுது. ஆனா எனக்கு வேண்டியது இதிலே இல்லை” என்றார். நான் வாதாடவில்லை. அவர் இந்த ஆல்பத்தைப் புரிந்துகொண்டுதான் வேண்டாம் என்கிறார். முதல் நாள் சொன்னதும் இன்று சொன்னதும் கேட்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றல்ல.

இப்போதும் நாங்கள் கூடும்போது அவர் ஒன்றை மட்டும் போடச் சொல்கிறார். ‘பிளாக் சாட்டின்’. அதில் டிரம்பெட் எங்கே வருகிறது என்று எங்களுக்குக் கையைக் காட்டி அடையாளம் சொல்வது இப்போது அவர்தான்.